மறுபடியும் கெடட்டும்

தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் முகம் வாடிப்போகிற ரிப்பேர்க்காரர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். இலுப்பூர் கடைவீதியில், உரக்கடைக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாத ஒரு அறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த அக்கா அவர்.

அந்த ஷட்டர் ஏன் பாதியில் நிற்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"எடது பக்கத்து ஸ்பிரிங் போயிருச்சு, தம்பி."

"மாத்திரலாமேக்கா?"

"ஏன் நிக்கிதுன்னுதான் தெரிஞ்சு போச்சே. அப்புறம் என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.

அவரைப் புரிந்துகொள்ள அந்த ஷட்டர் ஒன்று போதும். காரணம் தெரிந்துவிட்டால், கெட்டுப்போன பொருளோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் குடித்தனம் நடத்துவார். காரணம் தெரியாமல் ஒன்று நன்றாக ஓடினால் அவருக்குச் சோறு இறங்காது.

நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். வெயிலுக்காகச் சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார். கடைக்குள் வந்த பிறகும் கழற்ற மாட்டார். அதன் பையில் ஸ்குரூ டிரைவரும் கடலை மிட்டாயும் சேர்ந்தே இருக்கும். தன்னடக்கம் என்ற சரக்கு மட்டும் அவர் கடையில் எப்போதும் ஸ்டாக் இருந்ததில்லை. "இலுப்பூர், அன்னவாசல், விராலிமல, எங்கிட்டு வேணா போய்க் கேட்டுப் பாரு. என்னைய விட்டா ஆளு கெடையாது" என்பார். நான் போய்க் கேட்டதில்லை. அவர் சொன்னது அன்னவாசல்வரைக்கும் கேட்டிருக்கும் என்பதால் அவர்களே மறுப்புச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் தன் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கிறது என்பது அவர் புகார். அக்கா மேஜைமேல் வைத்து ஓட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல ஒவ்வொரு தாளாக ஒழுங்காக வந்தது.

"அட, சரியாயிருச்சே. குடும்மா" என்று அவர் கையை நீட்டினார்.

"எப்படிண்ணே சரியாச்சு?"

"அது தெரியலயே."

"தெரியலேல்ல? அப்பக் கெடட்டும், இருங்க."

பிரிண்டர் அங்கேயே தங்கிவிட்டது. கையில் கிடைத்த தாளையெல்லாம் அக்கா அதற்கு ஊட்டினார். பழைய வினாத்தாள், திருவிழா நோட்டீஸில் மிச்சம், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், எதையும் விடவில்லை. சனியன் கெடவே இல்லை. "என்னைய ஏமாத்துதுண்ணே இது" என்று கண்ணீர் வராத குறையாகத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு தினமும் காலையில் தன் கடையைத் திறப்பதற்கு முன் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று, "கெட்டுச்சாண்ணே?" என்று ஆசை ஆசையாகக் கேட்பார். அந்த மனுஷர், "காலங்காத்தால வாய வைக்காதம்மா, நல்லா ஓடுது" என்று பிரிண்டரைத் தன் உடம்பால் மறைத்துக்கொள்வார். நோயாளி பிழைத்துவிட்ட செய்தியைக் கேட்ட எமன்போல அக்கா பெருமூச்சு விட்டபடி குனிந்து ஷட்டருக்குள் போவார்.

அவர் கணவர் அதிகம் பேசாதவர். பேச இடம் கிடைக்காதவர் என்பதுதான் சரி. ஒருமுறை அவருடைய சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கு இருவரும் மொபெட்டில் கிளம்பியிருக்கிறார்கள். ஊர் எல்லை தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அக்கா இறங்கி, பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்து மூடி, மிதித்தார். உடனே ஓடியது.

"ஏன் நின்னுச்சு?" என்றார் அக்கா.

"அதான் ஓடுதுல்ல, வா."

"ஏன் ஓடுது?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தக் கணவரிடமும் பதில் கிடையாது. அக்கா வண்டியைத் திருப்பினார். மறுபடி நிற்கும்வரை அந்த ரோட்டிலேயே போவதும் வருவதுமாக ஓட்டினார். பட்டு வேட்டியும் மடியில் சுவர்க்கடிகாரமுமாகக் கணவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குக் கும்பிடு போட்டாராம். கடைசியில் வண்டி நின்றது. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் பெட்ரோல் மூடியில் இருக்கிற காற்றோட்டத் துளையை அடைத்திருந்தது. உள்ளே காற்றுப் போகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. மூடியைத் திறந்தபோது காற்றுப் போய் வண்டி ஓடியிருக்கிறது. அவர்கள் மண்டபத்துக்குப் போனபோது பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தாலி கட்டுறதப் பாக்கலையாண்ணே?" என்று நான் அவரிடம் கேட்டேன்.

"அதுக்கென்ன தம்பி, காரணம் கெடச்சுருச்சுல்ல" என்றார். அந்த வீட்டில் அது தொற்று.

இப்போது அக்கா கடையை மூடிவிட்டு மகளோடு ஓசூரில் இருக்கிறார். எப்போதாவது போன் செய்தால் நலமா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. "என்ன கெட்டுச்சு?" என்பார். ஒன்றும் கெடவில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றால் பேச்சில் சுரத்துக் குறைந்துவிடும். அதனால் அவரைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவரிடம் நான் மாட்டிக்கொண்ட விவரத்தைச் சொல்லும் முன் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். மண்டபத்தில் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கும் மாப்பிள்ளைக்குப் பின்னால் பனிமலை எழுப்பித் தருவது என் தொழில். அந்தத் தொழிலுக்கென்று, தண்ணீரால் குளிர்விக்கப்படும் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நீலமும் சிவப்புமாக மாறி மாறி விளக்கு எரியும். திருவிழா சீரியல் செட்டை யாரோ பெட்டிக்குள் போட்டுப் பூட்டியதுபோல இருக்கும். தெருவில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா மட்டும், "இதுக்கு எப்பப்பத் தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டாள். ஊற்றவே வேண்டாம், உள்ளேயே சீல் வைத்து அனுப்பிவிட்டார்கள் என்றேன். "மாத்தாத தண்ணியா?" என்று மூக்கைச் சுளித்தாள்.

அதன் ஏற்பாடு எளிது. கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸர்மேல் ஒரு சின்னப் பம்ப் உட்கார்ந்திருக்கும். சூட்டை வாங்கிய நீரை அது ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே ஃபேன் காற்றில் ஆறி, நீர் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். காரில் உள்ள சமாச்சாரம்தான். கார் வாங்க வழியில்லாதவன் ரேடியேட்டரை மட்டும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டான் என்று வையுங்கள்.

அந்தப் பெட்டியின் தலையில் அம்மா ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரை உட்காரவைத்தாள். தினமும் மல்லிகைச் சரம் சாத்தினாள். ரேடியேட்டர் பெட்டியின் மேல்பக்கத்தில் இருந்தது. சூட்டையெல்லாம் நேராகப் பிள்ளையாருக்கு ஊதியது. காலையில் சாத்திய பூ, நான் பல் தேய்த்து வருவதற்குள் வற்றலாகிவிடும். (நான் பல் தேய்ப்பதே பத்து மணிக்கு மேல்தான்.) "பூ நிக்கவே மாட்டேங்குதுடா" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் சும்மா இருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ரேடியேட்டரைக் கழற்றிப் பெட்டியின் அடியில் மாட்டினேன். பூ வாடவில்லை. அம்மா மெச்சினாள். எனக்குள் ஒரு இன்ஜினியர் ஒளிந்திருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன். ஒளிந்தவர் ஒளிந்தே இருந்திருக்கலாம்.

முகூர்த்தம் குறைவான சில மாதம் சின்ன வேலைகளே ஓடியதால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த மாப்பிள்ளை வந்தார்.

கத்தாரில் வேலை. லீவில் வந்து, மணமேல்குடிப் பக்கம் பெண் எடுத்து, கல்யாணம் முடித்து, வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியில் ஃப்ளைட். அதற்குள் கல்யாணப் படம் கையில் வேண்டும் என்றார். அனுப்பிவைக்கிறேனே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்க போயி எறங்குனா நெட்டு எப்படியோ, ரூமு எப்படியோ. அடுத்த லீவுக்கு ரெண்டு வருசம் ஆகும்ணே. எனக்குக் கல்யாணம் ஆச்சுங்கிறதுக்கு அங்க வேற சாட்சி யாரு இருக்கா?" என்றார். "நைட்டு ஒக்காந்து அவளப் பாக்கணும்ல" என்று சொல்லும்போது மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். படத்தை எடிட் செய்து, கடைசியில் ஒரே ஃபைலாக வடித்தெடுக்கிற வேலைக்குப் பெயர் ரெண்டரிங். கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிற வேலை அதுதான். அதை ஓடவிட்டு உட்கார்ந்தேன். திரை மூலையில் எண்ணாகக் காட்டுகிற சூடு ஏறி ஏறித் தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. முகூர்த்தக் காட்சிக்குச் சற்று முன்பு பொசுக்கென்று அணைந்தது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடி அதே இடத்துக்குச் சற்று முன்பு அணைந்தது. அந்தப் பெண்ணுக்குத் தாலியே ஏறவில்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா கடைக்கு ஓடினேன். குனிந்து உள்ளே பார்த்தவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"தண்ணி மிசினா? எனக்கும் இதான் தம்பி மொத தடவ" என்றார், தலைப்பிரசவத்துக்கு வந்தவளைத் தாங்குகிற தாய்போலப் பெட்டியை வாங்கி.

எல்லா கம்ப்யூட்டர் டாக்டர்களையும்போல நோயாளியை மேஜைமேல் படுக்கவைத்தார். பக்கக் கதவைக் கழற்றினார். என் ரெண்டரிங்கை ஓடவிட்டார். சூடு அறுபதோடு நின்றது. படம் முகூர்த்தத்தைத் தாண்டி, பந்தியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா, சரியாயிருச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. ரெண்டரிங்கைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இங்க என்ன நான் கல்யாண வீட்டுக்கா வந்திருக்கேன்? கெடுறதப் பாக்கணும்."

பிராசஸருக்கும் பம்ப்புக்கும் நடுவே தடவுகிற பசை காய்ந்திருக்கும் என்று புதிதாகத் தடவினார். ரேடியேட்டரில் தூசி என்று பிரஷ்ஷால் தேய்த்தார். பம்ப்புக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். ஒன்றும் கெடவில்லை. என் கெஞ்சலைத் தாங்க முடியாமல், "கொண்டு போ. கெட்டா ஒடனே சொல்லணும்" என்று அனுப்பினார். வீட்டில் வைத்து ஓட்டினேன். தாலிக்கு முன்பு அணைந்தது. போன் போட்டேன்.

"கெட்டுருச்சா? நல்லது, நல்லது. எடுத்துட்டு வா."

எடுத்துப் போனேன். அவர் மேஜையில் அது பால் குடித்த பிள்ளைபோல ஓடியது, கெடவில்லையே என்று அவரும் பாதியிலேயே நிறுத்திவிட்டார். திரும்ப வீடு, திரும்பக் கெடுதல். வியாழக்கிழமை அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"வீட்ல நீ என்ன பண்ற இத?"

"ஒண்ணும் பண்ணலக்கா. சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீ பாக்குறதுலதான் கெடுதோ என்னமோ. சரி, அது ஒன் வீட்லதான கெடுது. நாளைக்கு நான் அங்கிட்டு வாரேன்."

வெள்ளிக்கிழமை காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து இறங்கினார். கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, பெண் பார்க்க வந்தவர்போல உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக் கரண்டு சரியில்லை என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. அம்மா ஏற்றுகிற ஊதுபத்திப் புகை உள்ளே போகிறது என்றார். அம்மா முறைத்ததில் அந்த ஆராய்ச்சி அங்கேயே நின்றது. ரெண்டரிங்கை ஓடவிட்டோம். உச்சி வெயிலில் மாப்பிள்ளை பென் டிரைவோடு வந்து சேர்ந்தார். நாலு மணிக்குக் கார் வருகிறது, பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது என்றார். அவர் சொல்லி வாய் மூடவும் கம்ப்யூட்டர் அணையவும் சரியாக இருந்தது.

அக்கா எழுந்து மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"கெட்டுருச்சு தம்பி. என் கண்ணு முன்னாடியே கெட்டுருச்சு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். இந்த அம்மாவை யார் வீட்டுக்குள் விட்டது என்று கேட்கிற பார்வை.

"அண்ணே, படம்?"

"வந்துரும்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

அக்கா அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "என் கடையில ஓடுது, இங்க ஓடல. என் கடையில என்ன இருக்கு, இங்க என்ன இல்ல?"

"உரக்கடை வாடை இல்லக்கா" என்றேன்.

"அப்புறம்?"

"ஒங்க சத்தம் இல்ல. இப்ப அதுவும் வந்துருச்சு."

அவர் காதில் அது விழவில்லை. உள்ளே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பிள்ளையாரை எடுத்து ஜன்னலில் வைத்தார். பெட்டியை அம்மாவின் பாயில், கண்ணாடிப் பக்கம் மேலே வரும்படி படுக்கவைத்து சுவிட்சைப் போட்டார். ரெண்டரிங்கை ஓடவிட்டார். சூடு ஏறி, அறுபதில் நின்றது. அப்படியே நின்றது.

  அக்கா மெதுவாகப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். உள்ளே எங்கோ களக், களக் என்று சத்தம் கேட்டது. எண் ஏறத் தொடங்கியது. எழுபது. எண்பது. திரும்பப் படுக்கவைத்தார். இறங்கியது. நிறுத்தினார். களக், களக். ஏறியது.

கேணியும் போரும் மோட்டாருமாகப் பிழைக்கிற ஊர் இது. அந்தச் சத்தம் இங்கே யாருக்குத் தெரியாது? அக்காவும் நானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் சொன்னோம். அடுப்படியிலிருந்து அம்மாவும் சொன்னாள்.

"காத்து."

மோட்டாருக்குள் காற்றுப் பிடித்துக்கொண்டால் அது சுற்றும், தண்ணீர் வராது. தினமும் காலையில் அதோடு மல்லுக்கட்டுகிறவன் நான். இதே வியாதி என் மேஜைமேல் சீரியல் செட் போட்டுக்கொண்டு நின்றது, எனக்குத் தெரியவில்லை. குழாய்க்குள் இருக்கிற கொஞ்சூண்டு காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். ரேடியேட்டர் மேலே இருந்தவரை அதன் மூலையில் போய் ஒதுங்கி, யாருக்கும் தொல்லையில்லாமல் கிடந்திருக்கிறது. நான் ரேடியேட்டரை அடியில் மாட்டியதும் பம்ப் உயரத்துக்கு வந்துவிட்டது. காற்று அதில் போய்க் குடியேறிவிட்டது. அக்கா கடையில் பெட்டி எப்போதும் படுத்திருந்ததால் ரேடியேட்டரின் ஓரம் பம்ப்பைவிட உயரமாகி, காற்று அங்கே போய் ஒதுங்கியிருந்தது.

"ரேடியேட்டர எவன் கீழ மாட்டுனது?" என்றார் அக்கா.

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பிள்ளையார் ஜன்னலில் இருந்து பார்த்தார். வேறு வழியில்லாமல் நானும் என்னையே பார்த்தேன்.

"பூ வாடுதுன்னு சொன்னேன். மிசினப் பிரிச்சு மேயின்னா சொன்னேன்?" என்றாள் அம்மா. "சாமிய அலமாரியில வச்சுட்டுப் போறேன். இதுக்கு இம்புட்டு ஆட்டமா?"

எல்லாம் சரி, மணி ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரைக் கழற்றி மாட்ட நேரமில்லை. படுத்தபடியே ஓடட்டும், படம் முதலில் வரட்டும் என்று மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து கும்பிட்டோம். அக்கா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டது வாய்தான். கை ஒத்துக்கொள்ளவில்லை.

பாயில் பெட்டி படுத்திருக்க, சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வெளியில் இருந்து பார்த்தால் துக்க வீடு. திரையில் மட்டும் பனிமலைக்கு முன்னால் மாப்பிள்ளை மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அக்காவின் கை பெட்டியின் மூலைப் பக்கம் நகரும்.

"ஒரே ஒரு தடவ நிமித்திப் பாத்துட்டு வச்சுர்றேன்."

"அக்கா, வேண்டாங்க. நின்னா அணைஞ்சுரும்" என்பார் மாப்பிள்ளை.

"அணையுதான்னுதான் பாக்கணும்."

"எனக்கு ஃப்ளைட்டுக்கா."

கை திரும்பிப் போகும். மறுபடி வரும். நான் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் அம்மாதான் ஒரு காரியம் செய்தாள். முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அக்கா மடியில் போட்டாள். "சும்மாதான ஒக்காந்திருக்க, இதக் கொஞ்சம் உருவிக் குடும்மா." அக்கா உருவினார். ஒரு கண் கீரையில், ஒரு கண் எண்ணில். தாலி கட்டுகிற காட்சி வந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். திரையில் மேளம் கொட்டியது. தாலி ஏறியது. பெட்டி அணையவில்லை. மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்குத் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா ஒரு பிடி முருங்கையிலையை எடுத்து அட்சதைபோலத் திரைமேல் தூவினார்.

கார் வந்து ஹாரன் அடித்தபோது படம் பென் டிரைவில் இறங்கி முடிந்திருந்தது. மாப்பிள்ளை அதைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தொட்டுப் பார்த்து, கடவுச்சீட்டையும் தொட்டுப் பார்த்து, மறுபடி பென் டிரைவைத் தொட்டுப் பார்த்தார்.

"வாரேண்ணே. வாரேங்கக்கா. அம்மா, வாரேன்."

கார் தெரு திரும்பும்வரை வாசலில் நின்று கையாட்டினோம். அப்பாடா என்று நான் உள்ளே வந்து பாயில் காலை நீட்டினேன். அக்கா ஸ்குரூ டிரைவரை என் தொடைமேல் வைத்தார்.

"கழட்டு. மேல மாட்டு."

மாட்டினோம். பெட்டியை நிறுத்தினோம். ரெண்டரிங்கை ஓடவிட்டோம். அறுபது. சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் ஓடியும் அறுபதுதான். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"அக்கா, சரி..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சரியாயிருச்சு. எதுனால?"

"மேல மாட்டுனதால."

"மேல மாட்டுனதாலயா, இல்ல, கழட்டி ஆட்டுனதுல காத்து வேற எங்கிட்டாச்சும் போயிருச்சா? ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்த மனுஷி கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் அவரிடம் உள்ள தொல்லை. கேட்கிற கேள்வி எப்போதும் நியாயமாகவே இருக்கும்.

"இப்பக் கழட்டு. பழையபடி கீழ மாட்டு. மறுபடியும் கெடட்டும்."

நன்றாக ஓடுகிற என் கம்ப்யூட்டரை, என் கையாலேயே, கெடுப்பதற்காகக் கழற்றினேன். கீழே மாட்டினேன். நிறுத்தினோம், ஓடவிட்டோம். அம்மா டீப் போடப் போனாள். எண் அறுபதில் நின்றது. அறுபத்திரண்டு. அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நான் எப்போது அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன் என்று தெரியவில்லை. அறுபத்தைந்தில் வெகுநேரம் நின்றது. "ஏறு, ஏறு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கேட்டால் என் குரல். பெட்டிக்குள் மெல்ல ஒரு களக். அக்கா என் தோளைப் பிடித்தார். எழுபத்தைந்து. எண்பது. மஞ்சுவிரட்டில் வாடி திறப்பதைப் பார்ப்பதுபோல இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறு. தொண்ணூற்று நாலு. பொசுக்கென்று திரை இருண்டு, விளக்கெல்லாம் அணைந்து, பெட்டி அடங்கியது.

இரண்டு பேரும் கைதட்டினோம். அக்கா பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துப் பாதி உடைத்து என் வாயில் போட்டார்.

அம்மா மூன்று டம்ளரோடு வந்து நிலைப்படியில் நின்றாள். இருண்ட திரையைப் பார்த்தாள்.

"கெட்டுப் போச்சா?"

"கெட்டுப் போச்சும்மா" என்றேன், மிட்டாயை மென்றபடி. "சரியா கெட்டுப் போச்சு."

"காரணம் தெரிஞ்சுருச்சும்மா" என்றார் அக்கா.

அம்மா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். டீயை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தாள். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையைச் சரிசெய்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ கெடுத்துக் காட்டுங்க. நான் பாக்கல."